டேங்குக்குப் போட்ட பூட்டு

போன மாதம் என் பிக்கப் வண்டிக்கு இரண்டு பம்பும் ஒரு பூட்டும் வாங்கினேன். மூன்றுமே தேவைப்படவில்லை. இதை நானே சொல்லிவிடுவது நல்லது. நான் சொல்லாவிட்டால் என் மனைவி சொல்லிவிடுவாள். மீன்காரியிடமும் கேஸ் சிலிண்டர் கொண்டுவருகிறவரிடமும் ஏற்கெனவே சொல்லியாகிவிட்டது. பம்பு என்றால் கிணற்றுப் பம்பு இல்லை. டேங்கிலிருந்து டீசலை இழுத்து எஞ்சினுக்குக் கொடுக்கிற சின்னச் சாமான். வண்டி பாதி வழியில் மூச்சு முட்டி நின்றது என்று ஒன்று மாற்றினேன். மறுபடியும் நின்றது என்று இன்னொன்று மாற்றினேன். இப்போது வண்டியோடு வந்த நல்ல பம்பு ஒன்றும், நான் வாங்கி மாட்டிக் கழற்றிய நல்ல பம்பு ஒன்றும் வீட்டு அலமாரியில் குத்துவிளக்குக்குப் பக்கத்தில் இருக்கின்றன. மூன்றாவது நல்ல பம்பு வண்டியில் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதில் பூட்டுதான் பெரிய கேவலம். பம்பு வாங்குவது வண்டி வைத்திருக்கிற யாருக்கும் நேரக்கூடியது. டேங்க் மூடிக்குப் பூட்டு வாங்கப் போகிறவன் தன் டிரைவரைத் திருடன் என்று தீர்மானித்துவிட்டுத்தான் கடைப்படி ஏறுகிறான். நானும் அப்படித்தான் ஏறினேன். மூட்டுக்கு எண்ணெய் தேய்த்துக்கொண்டே இதைப் படிக்கிற என் வயதுக்காரர்களே, உங்களுக்கும் இப்படி ஏதாவது ஒரு புத்தி இருக்கும். யார் கொடுத்தது என்று தெரியாமலே வைத்திருப்பீர்கள். என்னுடையது எங்கிருந்து வந்தது என்று எனக்கு நன்றாகத் தெரியும். குலசேகரம் பக்கத்தில், நான் ஐந்தாம் வகுப்பு படித்த வருஷத்து மழைக்காலத்தில் இருந்து வந்தது.

அப்போது அப்பா ரப்பர் பால் வியாபாரம் செய்தார். கிழக்கே நெல்வயல் பக்கம் பிறந்தவர்களுக்காகக் கொஞ்சம் விளக்கம். விடியும்போது தோட்டத்தில் மரப்பட்டையில் கீறல் வெட்டிவிடுவார்கள். பால் சிரட்டையில் சொட்டுச் சொட்டாக விழும். வெயில் ஏறும்போது அதையெல்லாம் வாளியில் சேர்ப்பார்கள். சின்னத் தோட்டக்காரர்களிடம் அப்பா அந்தப் பாலை வாங்கி, கேன்களில் ஊற்றி, உறையாமல் இருக்க அமோனியா கலந்து, திருவட்டாறு தாண்டி இருந்த ஆலைக்கு உச்சிவெயிலுக்கு முன்னால் கொண்டு சேர்க்க வேண்டும். பிந்தினால் பால் திரண்டுவிடும். திரண்ட பாலை ஆலையில் வாங்கமாட்டார்கள். கேனைக் கவிழ்த்துத் தட்டினால் கேன் வடிவத்திலேயே வெள்ளையாக ஒரு கட்டி விழும், கேனின் வளையங்கள் எல்லாம் பதிந்து. அதைக் கத்தியால் அறுத்து, மரத்திலேயே காய்ந்து ஒட்டிக்கிடக்கும் ஒட்டுபாலோடு சேர்த்துக் கழிவு விலைக்குத் தள்ள வேண்டியதுதான்.

அமோனியா கொஞ்சம் தாராளமாக ஊற்றினால் பால் தாங்கும். அப்பா ஊற்றமாட்டார். "சர்பத்தா கலக்கோம், நெறய ஊத்துக்கு?" என்பார். ஆனாலும் அந்த நெடி வீடு முழுக்க இருக்கும். அந்த வருஷம் எங்கள் வீட்டில் எல்லாரும் ஒரு துக்கமும் இல்லாமலேயே கண் சிவந்து திரிந்தோம்.

வண்டி பழைய வண்டி. பச்சை நிறம். ஹாரன் அடித்தால் ஆட்டுக்குட்டி கத்துவதுபோல இருக்கும். புரட்டாசியில் வாங்கி, சரஸ்வதி பூசைக்குச் சந்தனம் பூசி, எலுமிச்சம்பழம் நசுக்கி இறக்கினார்கள். அதோடு விட்டிருந்தால் இந்தக் கதையே இல்லை. அப்பா வெள்ளிக்கிழமைதோறும் கோயிலில் கொடுக்கிற சந்தனத்தை வாழையிலைக் கீற்றில் கொண்டுவந்து வண்டிக்கு வைப்பார். கண்ணாடிக்கு ஒன்று, ஸ்டியரிங்குக்கு ஒன்று, டீசல் மூடிக்கு நடுவில் எல்லாவற்றையும்விடப் பெரிதாக ஒன்று.

"அங்க எதுக்கு அவ்வளவு?" என்று அம்மா ஒரு தடவை கேட்டாள்.

"தீனி தின்னுக வாயில்லியா அது. அதை விட்டிர முடியுமா?" என்றார் அப்பா.

பழைய சந்தனத்தைத் துடைத்துவிட்டுப் புதிதாக வைக்கலாமே என்று நீங்கள் நினைப்பீர்கள். கூடாது. சாமி சந்தனத்தைத் துடைப்பது குற்றம். பழையது காய்ந்து கிடக்கும், அதன்மேல்தான் புதியது. வண்டி கழுவும்போதுகூட அந்த மூடிமேல் தண்ணீர் படக்கூடாது என்று டிரைவருக்கு உத்தரவு.

டிரைவர் அண்ணனுக்கு அப்போது முப்பது வயது இருக்கும். மஞ்சள் பிடி போட்ட ஒரு நீளமான ஸ்க்ரூடிரைவர் வைத்திருப்பார். அதன் முனையை எஞ்சின்மேல் வைத்து, பிடியைக் காதில் வைத்துக் கண்ணை மூடிக்கொண்டு கேட்பார். பிறகு டீசல் கையைத் தலையில் துடைத்துக்கொள்வார். தலைமுடி எப்போதும் கறுத்து மினுமினுவென்று இருக்கும். எனக்கு அவர்மேல் பெரிய மரியாதை. பெரியவனானால் நானும் தலையில் டீசல் தேய்ப்பது என்று முடிவு செய்திருந்தேன்.

ஐப்பசியில் வண்டி முதல் தடவையாக வழியில் நின்றது. அன்றைக்கு டிரைவர் அண்ணன் மட்டும்தான் போயிருந்தார். சாயங்காலம் முற்றத்தில் வெள்ளைக் கட்டிகள் வரிசையாகக் கிடந்தன.

"ஏத்தத்துல இழுக்கல்ல மொதலாளி. மூச்சு முட்டுக மாதிரி ரெண்டு தும்மு தும்மிட்டு நின்னுட்டு. டீசலு இருக்காண்ணு மூடிய தொறந்து பாத்தேன். இருக்கு. பின்ன கைப்பம்ப அடிச்சு ஏர் எடுத்தேன். ஸ்டார்ட் ஆயிட்டு."

"பின்ன ஏன் பிந்திச்சு?"

"கொஞ்ச தூரம் போயி பின்னயும் நின்னுட்டு."

எஞ்சின் பக்கத்தில் இருந்த அந்தப் பம்பின் தலையில் ஒரு குமிழ் உண்டு. அதைக் கையால் அமுக்கி அமுக்கி அடித்தால் டீசல் ஏறும். குழாயில் காற்றுப் புகுந்திருந்தால் ஒரு போல்ட்டைத் தளர்த்தி, நுரையாக வருவது நின்று சுத்தமாக டீசல் வருகிறவரைக்கும் அடிக்க வேண்டும். அதற்குத்தான் ஏர் எடுப்பது என்று பெயர். அந்த மழைக்காலத்தில் எங்கள் வீட்டில் சாப்பிட்டாயா என்று கேட்டதைவிட ஏர் எடுத்தாயா என்று கேட்டதுதான் அதிகம்.

ஒர்க்‌ஷாப் ஆசானிடம் கொண்டுபோனோம். ஆசான் பம்பைக் கழற்றி ஒரு பிஸ்கட் டின்னில் மண்ணெண்ணெய் ஊற்றிப் போட்டார். பொத்தான் மாதிரி இரண்டு வால்வு, ஒரு சுருள் கம்பி, செம்பு வாஷர்கள். ஒவ்வொன்றாக எடுத்து வெளிச்சத்தில் பார்த்து, ஒரு வாஷரை அப்பாவிடம் நீட்டினார்.

"இதாக்கும். தேஞ்சிருக்கு பாத்தியளா?"

அப்பா பார்த்தார். நானும் பார்த்தேன். எங்களுக்கு வட்டமாக ஒரு வாஷர் தெரிந்தது. "ஆமா, தேஞ்சிருக்கு," என்றார் அப்பா.

மாற்றிவிட்டு ஆசான் ஜங்ஷன்வரை ஓட்டிக் காட்டினார். வண்டி பறந்தது. ஜங்ஷன்வரை அது எப்போதுமே பறக்கும். மறுவாரம் நின்றது. மறுபடி பிஸ்கட் டின், மறுபடி "இதாக்கும்." அந்தத் தடவை வால்வு. அடுத்த தடவை சுருள் கம்பி. அதற்கடுத்த தடவை பில்டர். ஒவ்வொரு தடவையும் ஆசான் அதே நிச்சயத்தோடு சொன்னார். அப்பாவும் அதே மாதிரி ஆமா போட்டார். கடைசியில் பம்பையே தூக்கிப் போட்டுவிட்டுப் புதிது வைத்தார்கள். புதுப் பம்போடு வண்டி திருவட்டாறுக்கு இந்தப்பக்கம் நின்றது.

அம்மாவின் தம்பி, என் மாமா, அப்போது எங்கள் வீட்டில்தான் இருந்தார். வேலை தேடிக்கொண்டிருந்தார். தேடுகிற இடம் பெரும்பாலும் எங்கள் சாப்பாட்டு மேசை.

"அத்தான், டீசல பம்பு குடிக்கா, அவன் குடிக்கானா?" என்றார் மாமா, கிழங்கைப் பிட்டுக்கொண்டே.

"எவன்?"

"ஒங்களுக்க டிரைவரு. வழியில நிறுத்தி ரெண்டு லிட்டர ஊத்திக் குடுத்துட்டு, கொறவுக்கு மண்ணெண்ணெய கலந்தா வண்டி தும்மாம என்ன செய்யும்? அவனுக்க தலைய மோந்து பாருங்க. தலையில வரைக்கும் டீசலு மணக்கு."

டிரைவரின் தலை டீசல் மணப்பது ஒரு சாட்சியா என்று இப்போது கேட்கத் தோன்றுகிறது. அன்றைக்கு அந்த மேசையில் அது பெரிய சாட்சியாக இருந்தது. பால் உறைந்த நாளில் பணம் பிந்தியதால் தோட்டக்காரர்கள் முகம் சுளித்தார்கள். இரண்டு பேர் வேறு ஆளுக்குப் பால் கொடுக்கத் தொடங்கிவிட்டார்கள். அப்பாவுக்குக் கோபம் வைக்க ஓரிடம் வேண்டியிருந்தது. பம்பின்மேல் எத்தனை நாள் கோபப்பட முடியும்? அது பதில் சொல்லாது.

அம்மா மட்டும், "அவன கண்டா அப்பிடி தெரியல்ல," என்றாள்.

"களவாணி நெத்தியில எழுதி ஒட்டிட்டா வருவான்?" என்றார் மாமா. அவர் தட்டில் அம்மா இன்னொரு துண்டு கிழங்கு வைத்தாள். விவாதம் அதோடு முடிந்தது.

மறுநாளே டேங்க் மூடிக்குக் குறுக்கே ஓர் இரும்புப் பட்டை வந்தது, ஒரு பூட்டோடு. சாவி அப்பாவின் அரைஞாணில். பாக்குமரத்தைச் சீவி ஒரு குச்சியும் செய்துகொண்டார். அதை டேங்குக்குள் விட்டு, டீசல் எதுவரை நனைத்திருக்கிறது என்று பார்ப்பது. அந்தப் பூட்டும் குச்சியும் எங்கே போயின என்று தெரியவில்லை. எங்கள் வீட்டில் அவ்வளவு கவனமாகப் பாதுகாத்த சாமான் வேறு இருந்ததில்லை.

அப்பா டிரைவர் அண்ணனோடு கூடவே போக ஆரம்பித்தார். பள்ளிக்கூடம் இல்லாத நாளில் நானும் போவேன். எனக்கும் ஒரு வேலை இருந்தது. புறப்படும்போது ஒரு தடவை, பாதி வழியில் டீக்கடையில் ஒரு தடவை, திரும்பும்போது ஒரு தடவை அப்பா பூட்டைத் திறந்து மூடியைக் கழற்றுவார். கழற்றி என் கையில் கொடுப்பார். அவர் குச்சியை விட்டு எடுத்து வெயிலில் சாய்த்துப் பார்க்கிறவரைக்கும் நான் மூடியைப் பிடித்துக்கொண்டு நிற்க வேண்டும். கீழே வைத்தால் மண் ஒட்டும்.

எனக்கு அந்த வேலை ரொம்பப் பிடித்தது. இரண்டு காரணம். மூடியைத் திருகும்போது 'ஸ்ஸ்ஸ்' என்று ஒரு சத்தம் வரும், தூங்குகிறவர் நீளமாக மூச்சு இழுப்பதுபோல. இரண்டாவது, மூடியின் மணம். காய்ந்த சந்தனமும் டீசலும் கலந்த மணம். கோயிலும் ஒர்க்‌ஷாப்பும் ஒரே கட்டடத்தில் இருப்பதுபோல இருக்கும். நான் அதை மூக்கில் வைத்துக்கொண்டே நிற்பேன்.

"அப்பா, மூடி மூச்சு விடுது," என்று ஒரு நாள் சொன்னேன்.

"பேசாம பிடிலே. எனக்கு எண்ணம் தப்புது," என்றார் அப்பா. குச்சியில் கீறல்களை எண்ணிக்கொண்டிருந்தார்.

அப்பா கூட வந்த நாட்களில் வண்டி ஒரு தடவைகூட நிற்கவில்லை. அப்பாவுக்கு வேறு சாட்சி தேவைப்படவில்லை. தான் கண்கொத்திப் பாம்பாக உட்கார்ந்திருப்பதால்தான் திருட்டு நடக்கவில்லை, திருட்டு நடக்காததால்தான் வண்டி ஓடுகிறது. கணக்கு அவ்வளவு நேராக இருந்தது. டிரைவர் அண்ணனும் கவனித்திருந்தார். டீக்கடையில் டீயை ஆற்றிக்கொண்டே, "நீங்க இருந்தா இது பசு மாதிரி வருது மொதலாளி," என்றார், சிரித்துக்கொண்டு. அப்பா சிரிக்கவில்லை.

அரைப்பரீட்சை லீவில் அந்த நாள் வந்தது. அப்பாவுக்குக் காலையில் ஒரு தோட்டக்காரரைப் பார்த்துச் சமாதானப்படுத்த வேண்டியிருந்தது. டிரைவர் அண்ணனை மட்டும் அனுப்ப மனமில்லாமல் என்னையும் ஏற்றிவிட்டார். "கண்ண தொறந்து வச்சிருக்கணும் கேட்டியா," என்று என் காதில் சொன்னார். டேங்க் சாவி அவர் அரையிலேயே இருந்தது.

கேன் நிறையப் பால். ஏற்றம் தொடங்கும் இடத்தில் வண்டி தும்மியது. இரண்டாவது தும்மலில் நின்றது. டிரைவர் அண்ணன் இறங்கி பானெட்டைத் திறந்து குமிழை அடிக்க ஆரம்பித்தார். போல்ட்டிலிருந்து நுரை வந்தது. அடித்தார், அடித்தார், நுரைதான் வந்தது. ஒரு வழியாக ஸ்டார்ட் ஆனது. ஒரு வளைவு தாண்டியதும் மறுபடி நின்றது.

"டேங்க் சாவி ஒனக்க கையிலயா மக்கா இருக்கு?"

"இல்ல. அப்பாக்க அரையில."

"டீசலு இருக்காண்ணாவது பாக்கலாம்னு நெனச்சேன்," என்றவர் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்தார். மஞ்சள் ஸ்க்ரூடிரைவரை அந்தப் பட்டைக்கு அடியில் கொடுத்து நெம்பியிருந்தால் ஒரு நொடியில் வந்திருக்கும். அவர் அதைக் கையில்தான் வைத்திருந்தார். பூட்டைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், பம்புக்கே திரும்பிப் போய்விட்டார். அவர் ஏன் நெம்பவில்லை என்பது எனக்குப் புரிய இத்தனை வருஷம் ஆயிற்று. கண்ணைத் திறந்து வைத்திருக்கும்படி அப்பா என்னிடம் சொன்னது அவருக்கும் தெரிந்திருக்கிறது.

வெயில் நேர்மேலே வந்தது. உள்ளங்கையில் கொப்புளம் வந்து, உடைந்து, அவர் துண்டைச் சுற்றிக்கொண்டு அடித்தார். பெடலைப் பார்த்தார், பில்டரைத் திறந்து மூடினார், குழாயை வாயால் உறிஞ்சி டீசலைத் துப்பினார். கெட்ட வார்த்தை ஒன்றுகூடச் சொல்லவில்லை. "சவம், என்னதான் வேணும் ஒனக்கு," என்று மட்டும் பம்பைக் கேட்டார், நிஜமாகவே பதில் வேண்டும் என்பதுபோல. நான் பின்னால் ஏறி ஒரு கேனைத் திறந்தேன். விரலை விட்டால் பால் விரலோடு நூலாக வந்தது. எனக்கு அழுகை வந்தது. அமோனியாதான் என்று சொல்லிக்கொண்டேன்.

எதிரே வந்த பஸ் கண்டக்டரிடம் அப்பாவுக்குச் சொல்லியனுப்பினோம். அடுத்த பஸ்ஸில் அப்பா வந்து இறங்கினார். நேராக டேங்குக்குப் போனார். பூட்டைத் திறந்தார். மூடியைத் திருகினார். 'ஸ்ஸ்ஸ்ஸ்' என்று அதுவரை நான் கேட்காத அளவு நீளமாக ஒரு சத்தம். மூடியை என் கையில் கொடுத்தார். குச்சியை விட்டு எடுத்துப் பார்த்தார். டீசல் இருக்க வேண்டிய கீறலில் இருந்தது. மூடியைப் போட்டுவிட்டுப் பம்புக்குப் போய்க் குமிழை நாலு அடி அடித்தார். சாவியைத் திருப்பினார்.

ஸ்டார்ட் ஆனது. ஆட்டுக்குட்டி ஹாரனை ஒரு தடவை அடித்துப் பார்த்தார், அவசியமே இல்லாமல்.

டிரைவர் அண்ணன் தன் உள்ளங்கையைப் பார்த்துக்கொண்டு நின்றார்.

"நான் வந்தா ஓடுது. நீ இருந்தா நிக்குது," என்றார் அப்பா. "வண்டிக்கு ஆளு தெரியுமோ?"

"டீசலு இருக்கே மொதலாளி. இப்பம் நீங்களே பாத்தியளே."

"இன்னைக்கு இருக்கு."

பஸ்ஸுக்கு நின்றவர்கள், பக்கத்துப் பீடிக்கடைக்காரர் என்று ஐந்தாறு பேர் கேட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா குரலை உயர்த்தவில்லை, அதனால் எல்லாருக்கும் தெளிவாகக் கேட்டது. "எறங்கிக்க. நாளைக்கு வராண்டாம்," என்றார்.

டிரைவர் அண்ணன் என்னைப் பார்த்தார். காலையிலிருந்து கூட இருந்தது நான்தான். ஒரு சொட்டு டீசலை அவர் தொடவில்லை என்று சொல்லக்கூடியவனும் நான்தான். நான் மூடியைக் கொடுத்த கையை மூக்கில் வைத்துக்கொண்டு நின்றேன். சொல்லியிருந்தாலும் அப்பா "இன்னைக்கு" என்றுதான் சொல்லியிருப்பார். டிரைவர் அண்ணன் சீட்டுக்கடியிலிருந்து தன் சட்டையை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு இறங்கி நடந்தார். ஸ்க்ரூடிரைவரை எடுக்கவில்லை. அது எங்கள் வீட்டில் தேங்காய்க்குக் கண் குத்தப் பயன்பட்டது. பிறகு அதையும் காணவில்லை.

அதற்குப் பிறகு அப்பாவே ஓட்டினார். பாதி வழியில் நிறுத்திக் குச்சியை விட்டுப் பார்க்கும் பழக்கத்தை மட்டும் விடவில்லை. திருட வேறு யாரும் இல்லாத வண்டியில் அவர் யாரைச் சந்தேகப்பட்டார் என்று கேட்கும் தைரியம் வீட்டில் யாருக்கும் இல்லை. வண்டி நிற்கவே இல்லை. கல்யாண வீட்டிலும் சாவு வீட்டிலும் இதை ஒரு வைத்தியம்போலச் சொல்வார்: "அத்தன பம்பு மாத்தியும் தீராத சீக்கு, ஆள மாத்தினதும் தீந்துட்டு." கேட்டவர்கள் தலையாட்டினார்கள். குலசேகரம் பக்கத்தில் அந்த டிரைவரை நம்பி யாரும் வண்டிச் சாவி கொடுக்கவில்லை. சாகிறவரைக்கும் அப்பா அந்த வைத்தியத்தை நம்பினார்.

இப்போது என் கதைக்கு வருகிறேன். எனக்குச் சிமெண்டும் கம்பியும் விற்கிற ஒரு கடை இருக்கிறது. ஒரு பிக்கப், ஒரு டிரைவர். அப்பா விட்டுப்போன வழக்கப்படி வெள்ளிக்கிழமை சந்தனத்தை நான்தான் வைக்கிறேன், மூடிக்குக் கொஞ்சம் தாராளமாக. பழையதைத் துடைப்பதில்லை. வண்டி நிற்க ஆரம்பித்தது. பம்பு மாற்றினேன், அதைத்தான் முதலிலேயே சொன்னேனே. பிறகு ஒரு நாள், மத்தியானச் சாப்பாட்டில் கிழங்கைப் பிட்டுக்கொண்டிருக்கும்போது, என் டிரைவரின் சட்டை டீசல் மணப்பது எனக்கு நினைவுக்கு வந்தது. மாமா என் வாய்க்குள் உட்கார்ந்து பேசியதுபோல இருந்தது. அன்றைக்கே போய்ப் பூட்டு வைத்த மூடி ஒன்று வாங்கினேன்.

"அண்ணா, பூட்டு எதுக்கு?" என்றான் என் டிரைவர்.

"பிள்ளையள் கல்லு போடுது," என்றேன். எங்கள் தெருவில் இருக்கிற ஒரே பிள்ளைக்கு ஆறு மாதம்.

பழைய மூடியைத் திருகினேன். 'ஸ்ஸ்ஸ்' என்றது. அந்தச் சத்தத்தில் கை ஒரு நொடி தடுமாறி, மூடி சிமெண்டுத் தரையில் விழுந்து உருண்டது. மேலே இருந்த சந்தனம் ஓடு மாதிரி பெயர்ந்து போயிற்று. குனிந்து எடுத்தால், நடுவில் ஊசி நுழைகிற அளவு ஓர் ஓட்டை. அதற்குள்ளும் சந்தனம், ஆணி அடித்ததுபோல. மூக்கில் வைத்துப் பார்த்தேன். அதே மணம். ஐந்தாம் வகுப்புக்கே போய்விட்டேன்.

குண்டூசியால் குத்தி எடுத்தேன். வண்டி அன்றைக்கு நாகர்கோவில் போய்த் திரும்பியது, நிற்கவில்லை. இன்றுவரை நிற்கவில்லை. டீசல் குறையக் குறைய அந்த இடத்துக்குக் காற்று போக வேண்டும், அதற்குத்தான் மூடியில் அந்த ஓட்டை. போக வழி இல்லாவிட்டால் எந்தப் பம்பும் இழுக்காது. மூடியைத் திறந்தால் காற்று போகும், வண்டி ஓடும். அப்பா அத்தனை நாளும் திருடனைப் பிடிப்பதற்காக மூடியைத் திறந்தார், அதனால்தான் வண்டி ஓடியது. அந்த லீவு நாளில் பூட்டி வைத்ததால்தான் டிரைவர் அண்ணனுக்கு ஓடவில்லை. இரண்டு தலைமுறையாக எங்கள் குடும்பம் செய்த ஒரே உருப்படியான ரிப்பேர் என் கை நழுவியது.

டிரைவர் அண்ணன் கருங்கல் ஊர்ச் சந்தையில் வாழைக்குலை வியாபாரம் செய்கிறார் என்று கேள்விப்பட்டிருந்தேன். வாங்கிய பூட்டு மூடியைப் பூட்டாமல் டேங்குக்கு மாட்டிவிட்டு, பழைய மூடியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு நானே வண்டியை எடுத்துக்கொண்டு போனேன். குலைகளுக்கு நடுவில் ஒரு ஸ்டூலில் இருந்தார். தலை வெளுத்துக் காய்ந்து கிடந்தது. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியாமல் ஒரு ஏத்தன் குலையை விலை கேட்டேன். விலை சொல்லாமல் என் முகத்தையே பார்த்தார்.

"மொதலாளிக்க மோன் தானே. மூக்க அப்படியே வச்சிருக்கியே."

"ஆமாண்ணே. ஒங்ககிட்ட ஒண்ணு காட்டணும்."

மூடியைக் கொடுத்தேன். சொன்னேன். சந்தனம், ஓட்டை, காற்று, பூட்டு எல்லாம். அவர் மூடியை வெயிலுக்கு நேரே பிடித்து ஓட்டை வழியாகப் பார்த்தார். பிறகு மோந்து பார்த்தார். நடுவில் ஒருத்தர் வந்து ரசகதலி கேட்டார். பார்க்காமலே விலை சொல்லி அனுப்பினார்.

"அப்பம் பம்புல ஒண்ணும் இல்ல."

"ஒண்ணும் இல்லண்ணே. நீங்களும் ஒண்ணும்..."

"நான் களவாண்டல்லண்ணு எனக்குத் தெரியும் மக்கா. அத நீ வந்து சொல்லாண்டாம்," என்றார். "அவரு களவாணிண்ணு சொன்னது எனக்கு ஏறவே இல்ல. எனக்கு அடியா விழுந்தது வேற. ஒரு பகல் பூரா அடிச்சும் எனக்கு ஸ்டார்ட் ஆகல்ல. அவரு வந்து நாலு அடி அடிச்சாரு, ஆச்சு. அப்பம் எனக்கு ஏர் எடுக்கத் தெரியல்ல, காதுல கேட்டதெல்லாம் சும்மா, நான் வண்டி தொடப்பிடாதுண்ணு நெனச்சேன். பின்ன தொடல்ல."

"அப்பா இப்பம் இருந்திருந்தா..." என்று இழுத்தேன்.

"இருந்திருந்தா பூட்ட மாத்திருப்பாரு." மூடியை என் கையில் திருப்பிக் கொடுத்தார். "குலை வேணுமா, வேண்டாமா?"

வேண்டும் என்றேன். வீட்டில் ஏற்கெனவே ஒரு குலை தொங்கிக்கொண்டிருந்தது. அவரே தூக்கிக் கொண்டுவந்து வண்டியில் வைத்தார். வண்டியைச் சுற்றி ஒரு நடை நடந்தார். பானெட்டில் கை வைக்கப் போய், வைக்காமல் எடுத்துக்கொண்டார். நான் ஏறி உட்கார்ந்ததும் ஜன்னல் பக்கம் வந்தார்.

"ஒனக்க அப்பன் குச்சிய பாத்துட்டு நின்னாரு. மூடிய நாளும் கையில வச்சு மோந்துட்டு நின்னது நீதானேடே. ஒருக்காகூட திருப்பிப் பாக்கல்ல. போ. பின்னால எடது பக்கத்து டயருல காத்தே இல்ல, அதையாவது எறங்கிப் பாரு."